கேட்கத் தக்கவன் யார்?

தாம்பரம் நிலையத்திற்கு மேற்கே ஒரு படிப்பகம். சென்ற திங்களில் ஒரு ஞாயிறு மாலை, அதன் சிறு கூடத்தில் இளைஞர் பன்னிருவர் கூடியிருந்தனர். நடுவே அரிஸ்டாட்டிலின் நிக்கோமாக்கிய அறநூல். ஒருவர் ஆங்கிலத்தில் படிப்பார். அடுத்தவர் தமிழில் சொல்வார். மற்றவர் மறுத்துக் கேட்பர். முதற் புத்தகத்தின் தொடக்கத்திலேயே வந்தது வினை. இளைஞன் இந்தக் கலையைக் கேட்கத் தக்கவன் அல்லன் என்கிறார் அரிஸ்டாட்டில். வாழ்க்கைச் செயல்களில் அவனுக்குப் பட்டறிவு இல்லையாம். உணர்ச்சி இழுத்த வழியே போகிறவனாம். ஆகவே கேட்டும் பயன் காணமாட்டானாம்.

படித்தவர் நிறுத்தினார். "அப்படியானால் நாம் எழுந்து வீட்டுக்குப் போகலாமா?" என்றார் ஒரு தோழர். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியில், மின்தொடர் வண்டியின் இரைச்சலுக்கிடையே, அந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

அறநூல் எழுதுகிறவன் அறத்தை மட்டும் எழுதுவதில்லை. தன் எதிரே யார் உட்கார வேண்டும், உட்கார்ந்தவன் என்ன செய்யலாம், திருப்பிக் கேட்கலாமா, தலையாட்ட வேண்டுமா, மனப்பாடம் செய்ய வேண்டுமா என்பதையும் சேர்த்தே எழுதுகிறான். அதை அவன் வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் அவன் நடை சொல்லிவிடும். கிரேக்கர் நமக்கு விட்டுச் சென்ற அறநூல்களை இந்த ஒரு கண்ணோடு பார்த்தால், "தத்துவம் கடினம்" என்று ஒதுக்கப்பட்ட ஏடுகள் திடீரென்று நம்மிடம் பேசத் தொடங்குகின்றன.

தாம்பரத்திற்குக் கிரேக்கம் முற்றும் புதிதன்று. 1837-இல் தொடங்கிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நூறாண்டு நிறைந்த 1937-இல் நகரின் நெரிசலை விட்டு இங்கே குடிபெயர்ந்தது. மேனாட்டு மெய்யியல் அங்கே வாழையடி வாழையாகக் கற்பிக்கப்பட்டு வந்தது. ஆனால் கல்லூரி மதிலுக்குள் அது தேர்வுக்குரிய பாடம். மதிலுக்கு வெளியே, பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் வண்டியேறி வேலைக்குச் செல்வோர்க்கு அது வெறும் பெயர். இரண்டுக்கும் நடுவே படிப்பகங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அந்த வேலையின் ஒரு சிறு பகுதியே இக்கட்டுரை.

முதலில் அரிஸ்டாட்டிலின் நடையைச் சொல்லிவிடுவோம். அது வறண்ட நடை. உவமை குறைவு, உருக்கம் இல்லை, ஒரு சொற்றொடர் பாதியில் நின்று மற்றொன்றுக்குத் தாவும். அவர் கி.மு. 384-இல் பிறந்து 322-இல் மறைந்தவர். ஏதென்சில் பள்ளி நடத்தியவர். மக்களுக்கென்று அவர் எழுதி வெளியிட்ட உரையாடல்களும் உண்டு. அவற்றின் நடையைப் பொன்னாறு என்று உரோமப் பேச்சாளர் சிசரோ புகழ்ந்தார். அந்தப் பொன்னாறு வற்றிப் போயிற்று. நமக்குக் கிடைத்திருப்பவை வகுப்புக் குறிப்புகள் போன்றவை. விருந்து மறைந்துவிட, சமையற் குறிப்பு மட்டும் கிடைத்த கதை!

ஆயினும் அந்தக் குறிப்பிலே ஒரு நேர்மை இருக்கிறது. இந்தப் பொருளில் எவ்வளவு துல்லியம் கிடைக்குமோ அவ்வளவே எதிர்பார் என்று தொடக்கத்திலேயே கூறிவிடுகிறார். கணக்கனிடம் சொல்லலங்காரத்தை ஏற்பதும், மேடைப் பேச்சாளனிடம் கணித நிறுவலைக் கேட்பதும் ஒரே வகைப் பிழை என்கிறார். பிறகு நடுநிலை என்னும் கோட்பாட்டுக்கு வருகிறார். பத்து மிகை, இரண்டு குறை, ஆகவே எல்லார்க்கும் ஆறு என்று கணக்குப் போட்டுவிட முடியாதாம். மற்போர் வீரன் மைலோவுக்கு ஆறு பங்கு உணவு போதாது. பயிற்சியில் அன்றுதான் இறங்கியவனுக்கு அதுவே மிகுதி. அறத்தின் நடு என்பது அளவுகோலில் உள்ள நடு அன்று. ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ற நடு. ஒரே எடுத்துக்காட்டு, ஆனால் வாய்பாடாக அறம் பேசுவோர் அனைவரையும் அது வாயடைக்கச் செய்யும்.

அவருடைய முறையை அவரே ஏழாம் புத்தகத்தில் விளக்குகிறார். ஒரு பொருளைப் பற்றி மக்கள் என்ன கருதுகின்றனர், அறிஞர் என்ன கருதுகின்றனர் என்பதை முதலில் வரிசைப்படுத்த வேண்டும். அவற்றுள் எவையெவை முட்டிக்கொள்கின்றன என்று காட்ட வேண்டும். முட்டலை நீக்கியபின், மதிப்புக்குரிய கருத்துகளுள் எஞ்சி நிற்பவற்றைக் காக்க வேண்டும். நீதிமன்றத்தில் சான்றுகளை அடுக்குவது போன்ற முறை இது. இந்த முறையின் பெருமையும் பிழையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதற்குப் பின்னர் வருகிறேன்.

அரிஸ்டாட்டில் பெயரில் அறநூல் ஒன்றன்று. நிக்கோமாக்கிய அறநூல் பத்துப் புத்தகம் உடையது. யூடெமிய அறநூல் என்று மற்றொன்று. பேரறநூல் என்று மூன்றாவதும் உண்டு. அதை அவர் எழுதினாரா என்பதே வழக்கு. முதலிரண்டில் ஒரு விந்தை: மூன்று புத்தகங்கள் இரண்டுக்கும் பொது. ஒரே வீட்டுக்கு இரண்டு பட்டா! அவை முதலில் எந்த நூலைச் சேர்ந்தவை? 1978-இல் ஆந்தனி கென்னி என்னும் ஆங்கில அறிஞர் சொற்களை எண்ணத் தொடங்கினார். பெரிய சொற்களை அல்ல. ஆசிரியன் தன்னை அறியாமலே ஆளும் இடைச்சொற்களையும் சிறு சொற்களையும் எண்ணினார். பொதுப் புத்தகங்களின் நடை யூடெமிய நூலின் நடையோடே ஒத்துப் போகிறது என்று முடிவு கூறினார். எல்லாரும் ஏற்றாரில்லை, ஆனால் நடையே சான்றாக நிற்க முடியும் என்பதை யாரும் மறுக்கவுமில்லை. சொல்லை எண்ணிக் காலம் கணிக்கும் முயற்சி நமக்கும் தெரிந்ததே. வடசொற்களை எண்ணிக் குறளின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளினார் வையாபுரிப் பிள்ளை. அதற்காக அவர்மீது சினந்தோர் பலர். அவர் எண்ணிய முறையை எண்ணிப் பார்த்து மறுத்தோர் சிலர். சினம் மறுப்பு ஆகாது என்பதைச் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நமக்குத் துணிவு வேண்டும்.

இந்த இரு நூல்களின் முடிவுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். யூடெமிய நூல், கடவுளைக் கருதுவதும் தொழுவதுமே நல்வாழ்வின் அளவுகோல் என்று போய் முடிகிறது. நிக்கோமாக்கிய நூலும் ஆழ்ந்து எண்ணும் வாழ்வைப் போற்றுகிறது. ஆனால் அங்கே நிற்கவில்லை. சொல் மட்டுமே மக்களை நல்லவராக்கிவிடாது, சட்டம் வேண்டும், நல்லாட்சி வேண்டும் என்று அரசியல் வாயிலுக்கு வந்து நிற்கிறது. மாடிக்குச் சென்றவர் மீண்டும் தெருவுக்கு இறங்கி வந்தார் என்பேன். இரண்டில் எனக்கு உகந்தது எது என்று சொல்லவும் வேண்டுமோ?

நட்பைப் பற்றி அவர் எழுதியிருப்பதைத் திருக்குறளோடு சேர்த்துப் படித்தபோதுதான் படிப்பகக் கூட்டம் சூடு பிடித்தது. பத்துப் புத்தகத்தில் இரண்டை, எட்டையும் ஒன்பதையும், அரிஸ்டாட்டில் நட்புக்கே ஒதுக்கினார். வள்ளுவரோ நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரம், ஐம்பது குறள் தந்தார். அறநூலில் நட்புக்கு இத்தனை இடம் தர வேண்டும் என்று இருவர்க்கும் தோன்றியிருக்கிறது. ஆட்டுவிக்கும் தேவனை வைத்து அறம் பேசியவர்க்கு இது தோன்றாது. மனிதனோடு மனிதன் வாழ்வதை வைத்து அறம் பேசியவர்க்கே தோன்றும்.

ஆனால் பேசும் முறை? அரிஸ்டாட்டில் வகை பிரிக்கிறார். பயன் கருதிய நட்பு, இன்பம் கருதிய நட்பு, நற்குணம் கருதிய நட்பு என மூன்று. முதலிரண்டும் நட்பே, ஆயினும் முழு நட்பன்று, மூன்றாவதை ஒத்திருப்பதால் அப்பெயர் பெற்றன. பயன் தீர்ந்தால் முதலாவது தீரும். இன்பம் மாறினால் இரண்டாவது மாறும். இப்படிச் சினமில்லாமல், மருத்துவன் நோயை வகுப்பதுபோல் வகுத்துக்கொண்டே செல்கிறார். ஒன்றாக உப்புத் தின்னாதவரை ஒருவரை ஒருவர் அறியமுடியாது என்னும் கிரேக்கப் பழமொழியையும் வழியில் எடுத்துக்கொள்கிறார். உப்பிட்டவரை நினைக்கச் சொல்லும் நாட்டில் பிறந்த நமக்கு அந்த உப்பின் சுவை தெரியும்.

வள்ளுவர் வகுப்பதோடு நிற்பவர் அல்லர், சூடு போடுகிறார். நட்பில் வரும் ஊதியத்தை நிறுத்துப் பார்ப்பவனைக் கள்வனோடும் விலைமகளோடும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டு அடுத்த குறளுக்குப் போய்விடுகிறார். ஏன் என்று சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை, ஏழே சீர்! மெய்யான நட்பு எது என்று காட்டவும் அவர் இலக்கணம் கூறவில்லை. உடுத்த ஆடை நழுவும் கணத்தில், யாரும் ஏவாமல், எண்ணிப் பாராமல், விரைந்து சென்று பற்றும் கையைக் காட்டுகிறார். நண்பன் மற்றொரு நான் என்று அரிஸ்டாட்டில் பல பக்கம் வாதாடி வந்து சேர்கிறார். வள்ளுவரின் கை அந்த முடிவை வாதமின்றித் தொட்டுவிட்டது.

"பிறகு அந்தப் பல பக்கம் எதற்கு?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. விடை சொல்லுமுன் கிரேக்கத்தில் இன்னும் மூவரைப் பார்க்க வேண்டும்.

முதலாமவர் சாக்ரடீஸ். தமிழ் மக்களுக்கு அவரை அறிமுகம் செய்தது பல்கலைக் கழகமன்று; வெள்ளித்திரை. 1956-இல் வந்த 'ராஜா ராணி'யில் கலைஞர் எழுதிய நாடகக் காட்சியில் சிவாஜி கணேசன் சாக்ரடீசாக நின்றார். நஞ்சுக் கோப்பையை ஏந்திய கையைத் தமிழகம் கண்டது. அந்தக் காட்சியின் சாக்ரடீஸ் முழங்குகிறார். பிளாட்டோவின் ஏட்டிலுள்ள சாக்ரடீசோ பெரும்பாலும் முழங்குவதில்லை, கேட்கிறார். யூதிப்ரோ என்னும் சிறு நூலைப் பாருங்கள். கூலியாள் ஒருவன் ஓர் அடிமையைக் கொன்றுவிட, யூதிப்ரோவின் தந்தை அவனைக் கட்டிப் பள்ளத்தில் போட்டார். பசியிலும் குளிரிலும் அவன் செத்தான். தந்தைமீது மகன் வழக்குத் தொடுக்க வந்திருக்கிறான். அதுவே புனிதச் செயல் என்கிறான். வழக்கில் நியாயம் இருக்கிறதே என்று நமக்குத் தோன்றும். ஆனால் நியாயத்தை அவன் செத்தவன் பசியில் தேடவில்லை. தேவர் கதையில் தேடுகிறான்! சாக்ரடீஸ் ஒன்று கேட்கிறார்: நல்லது என்பதால் தேவர்கள் அதை விரும்புகிறார்களா, தேவர்கள் விரும்புவதால் அது நல்லதாகிறதா? யூதிப்ரோ சுற்றிச் சுற்றி வருகிறான். இறுதியில் வேறு வேலை இருக்கிறது என்று நழுவி ஓடுகிறான்.

நூல் அவ்வளவுதான். விடை இல்லை; முடிவுரை இல்லை. படிப்பவன் கையில் கேள்வி மட்டும் மிஞ்சுகிறது. இந்த முறையில் கேட்போனும் பேச்சில் பங்காளி. இளைஞரைக் கெடுத்தார் என்பது அவர்மேல் சாட்டிய குற்றங்களில் ஒன்றானதும், கி.மு. 399-இல் ஏதென்ஸ் அவரைக் கொன்றதும் இந்த முறைக்காகத்தான் என்று நான் கருதுகிறேன். கருத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஆட்சி உண்டு; கேட்கும் பழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளும் ஆட்சி அரிது.

இரண்டாமவர் தியோபிராஸ்டஸ்; அரிஸ்டாட்டிலின் மாணவர். முப்பது வகை மனிதரைப் படம் பிடித்தார். வாதமே கிடையாது, சிரிப்புத்தான். மூடநம்பிக்கையாளன் ஒருவனைக் காட்டுகிறார்: கீரியை ஒத்த சிறு விலங்கு குறுக்கே ஓடினால், வேறொருவர் கடக்கும் வரையோ, மூன்று கல்லை வழியில் எறியும் வரையோ அவன் அடியெடுத்து வைப்பதில்லை. மாவுப் பையை எலி கடித்துவிட்டால் சமயச் சடங்கு வல்லாரிடம் ஓடுகிறான். தோல் தைப்பவனிடம் கொடுத்துத் தைத்துக்கொள் என்று அவரே சொன்னாலும் கேளாமல் பரிகாரம் செய்கிறான். பூனை குறுக்கிட்டதால் புறப்பாட்டை நிறுத்தும் நம் அண்டை வீட்டாருக்கு இதைப் படித்துக் காட்டலாம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை என்று சொன்னால் மகிழ்ந்துவிடக் கூடும், ஆகவே ஆண்டைச் சொல்லாதீர்கள்.

மூன்றாமவர் எபிகூரஸ். நம் கூடத்துத் தோழரின் கேள்விக்கு நேர் விடை இவரிடம் இருக்கிறது. மெனோசியஸ் என்பவனுக்கு எழுதிய மடலை இவர் தொடங்குவதே அதில்தான்: இளையவன் மெய்யியலைத் தள்ளிப்போட வேண்டா, முதியவன் சலிக்க வேண்டா, இன்பமாய் வாழ்வதற்குப் பருவம் வரவில்லை, பருவம் போய்விட்டது என்று எவனாவது சொல்வானா? அரிஸ்டாட்டில் சாத்திய கதவை ஒரே வீச்சில் திறந்துவிட்டார். ஏதென்சில் அவருடைய தோட்டத்துப் பள்ளியில் பெண்களும் அடிமைகளும் இருந்தனர். கதவு திறந்தபின் நடையும் மாறத்தானே வேண்டும்? நாற்பது முதன்மைக் கருத்துகள். ஒவ்வொன்றும் சில வரி. மனப்பாடம் செய்து நினைவில் சுமந்து செல்லத் தக்கவை. கடவுளுக்கு அஞ்ச வேண்டா, சாவுக்கு அஞ்ச வேண்டா என்று தொடங்கும் வரிசை அது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியைச் சேர்ந்த ஒயினோவாந்தா என்னும் ஊரில் தயோஜெனீஸ் என்பவர் அக்கருத்துகளை ஒரு நீண்ட சுவரில் கல்லில் வெட்டி வைத்தார். வழிப்போக்கனும் அயல்நாட்டானும் படிக்கட்டும் என்பது அவர் நோக்கம். 1884-இல் அந்தக் கற்கள் கண்டறியப்பட்டன. இன்னும் தோண்டி எடுத்துக்கொண்டே இருக்கின்றனர்.

சுவரெழுத்தின் ஆற்றலை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து புறப்படும் அரசுப் பேருந்தில் ஏறினால் ஓட்டுநர்க்குப் பின்னே ஒரு குறள் இருக்கிறது. நெரிசலில் ஒற்றைக் காலில் தொங்குகிறவனும் அதைப் படித்துவிடலாம். நிக்கோமாக்கிய அறநூலைப் பேருந்தில் எழுத முடியாது. இது குறுவரி நடையின் வெற்றி. மக்கள் நடையின் வெற்றி. இதைக் குறைத்துப் பேசுபவன் மக்களைக் குறைத்துப் பேசுகிறான்.

ஆனால் இந்த வெற்றிக்கு ஒரு விலை உண்டு. காரணம் சொல்லாத வரியில் காரணத்தைப் பிறர் வந்து நிரப்புவர். பிறப்பினால் எல்லா உயிரும் ஒப்பு என்று வள்ளுவர் சொல்லிவிட்டார். ஏன் ஒப்பு, ஒப்பில்லை என்பவனுக்கு விடை என்ன என்று அவர் விரித்துரைக்கவில்லை. பின்னே பரிமேலழகர் வந்தார். அவர் புலமை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அறம் என்பது மனு முதலிய நூல்கள் விதித்ததைச் செய்தலும் விலக்கியதை ஒழித்தலுமே என்று வாயிலிலேயே எழுதிவைத்தார். ஒழுக்கம் என்பது அந்தணர் முதலிய வருணத்தார் தத்தம் நிலையில் நிற்றல் என்றார். வள்ளுவர் சொல்லாமல் விட்ட இடம் எதுவோ, அங்கே மனு வந்து அமர்ந்துகொண்டான். மூலம் சிறுத்திருந்ததால் உரை அதைச் சுற்றி மதில் எழுப்ப முடிந்தது. குறளுக்குப் புதிய உரைகள் ஏன் தேவைப்பட்டன என்பதற்கும் இதுவே காரணம்.

"பல பக்கம் எதற்கு?" என்ற தோழர்க்கு இப்போது விடை சொல்லலாம். காரணம் ஏட்டிலேயே இருந்தால், ஆசிரியன் தவறும்போது கையும் களவுமாகப் பிடிக்கலாம். அரிஸ்டாட்டிலையே பிடிப்போம்.

எட்டாம் புத்தகத்தில், நட்பின் நடுவே, அடிமை வருகிறான். அடிமை உயிருள்ள கருவி. கருவி உயிரில்லாத அடிமை. ஆகவே அடிமை என்ற முறையில் அவனோடு நட்பில்லை என்கிறார். உடனே ஒரு சொல் சேர்க்கிறார்: ஆனால் மனிதன் என்ற முறையில் உண்டு. தோழர்களே, இந்த இரண்டு வாக்கியமும் ஒரே கூரைக்கீழ் வாழ முடியுமா? மனிதன் என்று ஒப்புக்கொண்டபின் கருவி என்பது எங்கே நிற்கும்? அரசியல் நூலின் முதற் புத்தகத்தில் இன்னும் தெளிவாகச் சிக்குகிறார். அடிமை முறை இயற்கைக்கு மாறானது, சட்டத்தால் வந்தது, வன்முறையில் நிற்பது, ஆகவே நேர்மையற்றது என்று சிலர் சொல்வதாக அவரே எழுதுகிறார். தம் முறைப்படி எதிர்க் கருத்தை ஏட்டில் ஏற்றினார். அந்த அளவில் நேர்மை. அடிமைக்கென்று ஓர் உடலையும் உரிமையோனுக்கென்று ஓர் உடலையும் படைக்க இயற்கை விரும்புகிறது என்கிறார். அடுத்த மூச்சில், பல வேளை நேர்மாறாக நடந்துவிடுகிறது என்று ஒப்புக்கொள்கிறார். நெசவு நாடா தானே ஓடுமானால் தலைவனுக்கு அடிமை வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். இத்தனையும் சொல்லிவிட்டு, இயற்கையால் அடிமை உண்டு என்றே முடிக்கிறார்!

எங்கே தவறிற்று? அவர் அறிவு குறைந்ததன்று. மதிப்புக்குரிய கருத்துகளைத் திரட்டு என்ற முறையில்தான் பிழை. யாருடைய மதிப்பு? கேட்கும் கூடத்தில் இருந்தவர்களின் மதிப்பு. அந்தக் கூடத்தில் அடிமை உட்காரவில்லை. விளக்கேந்தி வெளியே நின்றிருப்பான். அவன் கருத்தைக் கேட்டு எழுத ஒரு வரியும் ஒதுக்கப்படவில்லை. தம் இறுதி முறியில் அடிமைகள் சிலரை விடுவிக்கச் சொன்னார் அரிஸ்டாட்டில். தமக்குப் பணி செய்தவரை விற்கலாகாது என்றும் எழுதினார். அவர் நெஞ்சு அவர் நூலைவிடச் சற்று முன்னே நடந்தது என்று தோன்றுகிறது. அடிமையாய்ப் பிறந்த எபிக்டெட்டஸ் பின்னாளில் பள்ளி வைத்தபோது, அடிமையின் குரல் ஒருவழியாக அறநூலில் ஏறிற்று. ஆயினும் அவர் விலங்கை உடைக்கச் சொன்னாரில்லை. உள்ளத்தை விலங்கிலிருந்து விலக்கிக்கொள்ளச் சொன்னார். அது வீரமா, தோல்வியா என்று இன்னும் எனக்குத் துணிய முடியவில்லை.

அடுத்த ஞாயிறு இவற்றையெல்லாம் கூடத்தில் சொன்னேன். முன்பு கேள்வி கேட்ட தோழர் இடைமறித்தார். முதற் புத்தகத்தின் அதே இடத்தில் மேலும் ஒரு வரி இருப்பதை அவர் படித்து வந்திருந்தார்: வயதில் இளமையா, தன்மையில் இளமையா என்பதில் வேறுபாடில்லை, குறை ஆண்டுக் கணக்கில் இல்லை, உணர்ச்சி இழுத்தபடி வாழ்வதில்தான் இருக்கிறது என்று அரிஸ்டாட்டிலே திருத்திக்கொள்கிறார். "ஆக, நாங்கள் இருக்கலாம்" என்றார். சென்ற வாரம் நான் படித்தும் என் கண்ணில் படாத வரி அது.

நிக்கோமாக்கிய அறநூலின் கடைசித் தொடர், இனிப் பேசத் தொடங்குவோம் என்னும் கருத்துடையது. அரசியல் நூலுக்குப் போட்ட பாலம் அது. பாலத்தைக் கடந்தால் முதற் புத்தகத்திலேயே அந்த அடிமை நிற்கிறான். வரும் ஞாயிறு அதைத்தான் எடுக்கிறோம். படிப்பவர் முறை அந்தத் தோழருடையது.